மூச்சுப் பயிற்சி போதுமா?

பதற்றம் வந்தால் மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள், மனதில் ஓடுவதை நோட்டில் எழுதுங்கள், நம்பிக்கையானவரிடம் பேசுங்கள். மனநல அறிவுரைகள் பெண்களுக்குத் தரும் கருவிப் பை பெரும்பாலும் இதுதான். இதில் பொய் இல்லை. மூச்சை நிதானமாக வெளிவிட்டால் படபடப்பு தணியும்.

ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில், ஓவர்லாக் மெஷின் முன் ஒன்றரை ஷிப்ட் உட்காரும் பெண் அந்தப் பையை எப்போது திறப்பாள்? மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு ஓடுகிறது. அத்துமீறும் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது நோயல்ல. ஆபத்தை அறிந்த உடலின் எச்சரிக்கை. அதை அடக்கு என்பது யாருக்கு வசதி?

2021 ஜனவரியில், திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலைபார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் கையெழுத்திட்டது. வேலைத்தளத்திலேயே பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் அத்துமீறலைக் கண்காணிக்க அது வழிசெய்தது. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றது.

இவையும் பதற்றத்தைத் தணிக்கும் கருவிகளே. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம்.

மூச்சுப் பயிற்சி பையில் இருக்கட்டும். கூடவே பக்கத்து மெஷின் தோழியின் எண்ணும், குழு உறுப்பினரின் பெயரும் இருக்கட்டும். நோட்டில் தேதியும் நேரமும் சேர்த்து எழுதுங்கள். ஆறுதலுக்கு எழுதியது நாளை சாட்சியாகும்.