சின்னதாக்குவது என்றால் எதை விடுவது? கேம் பாய் மைக்ரோவை முன்வைத்து

கைக்கு அடக்கமான விளையாட்டுக் கருவியை இன்னும் சின்னதாக்கினால் எதெல்லாம் சுருங்கும்? சிப் சுருங்கும், போர்டு சுருங்கும். கட்டைவிரலும் கண்ணும் சுருங்காது. நிண்டெண்டோ 2005-ல் வெளியிட்ட கேம் பாய் மைக்ரோவை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு நல்ல உதாரணம். 1989-ல் வந்த கேம் பாய்க்கு நாலு ஏஏ பேட்டரி வேணும். 1996-ல் வந்த கேம் பாய் பாக்கெட் இரண்டே ஏஏஏ பேட்டரியில் ஓடியது. உடம்பு இளைத்தது, திரையோ முன்பைவிடத் தெளிவானது. பழைய கார்ட்ரிட்ஜுகளும் ஓடின. விட்டுக்கொடுத்தது பேட்டரி நேரத்தை. நியாயமான பேரம்தான்.

மைக்ரோ செய்த பேரம் வேறு. 2001-ல் வந்த கேம் பாய் அட்வான்ஸின் திரை 2.9 இன்ச், 240×160 புள்ளிகள். மைக்ரோவில் அதே புள்ளிகள் 2 இன்ச்சுக்குள். கணக்குப் போட்டால், எட்டுப் புள்ளி உயரமுள்ள எழுத்து சுமார் 2 மி.மீ.-லிருந்து 1.4 மி.மீ. ஆகிறது. போன் ஆப் என்றால் எழுத்தைப் பெரிசாக்கிக்கலாம். கார்ட்ரிட்ஜுக்குள் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்த எழுத்துக்கு அந்த வழி இல்லை. பின்னொளி அருமை, படம் பளிச்சென்று இருக்கும். ஆனா உரையாடல் நிறைந்த ஆட்டங்களில் கண்ணுக்கு வேலை அதிகம்.

அடுத்து, பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜுகள் இதில் ஓடாது. முந்தைய எஸ்பி மாடலின் சார்ஜரும் பொருந்தாது. எனக்கு இதுதான் பெரிய குறை. மழைக்காலத்தில் வால்பாறையில் கரண்ட் போனாலும் சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பேட்டரி பெட்டிக்கடையில் கிடைக்கும். அட்வான்ஸுக்கு அதில் இரண்டு போதும். மைக்ரோவுக்கு அதற்கென்றே செய்த சார்ஜர் இல்லையென்றால் அது வெறும் பேப்பர் வெயிட்.

அட்வான்ஸ் குடும்பம் 8 கோடிக்கு மேல் விற்றது, அதில் மைக்ரோ சுமார் 24 லட்சம்தான். பழியை முழுக்க அளவின் மேல் போட முடியாது. 2004-லேயே வந்துவிட்ட டிஎஸ், அட்வான்ஸ் ஆட்டங்களையும் ஓட்டியது.

2019-ல் வந்த ஸ்விட்ச் லைட்டைப் பாருங்க. டிவி இணைப்பையே எடுத்துவிட்டார்கள், திரையை மட்டும் 6.2 இன்ச்சிலிருந்து 5.5-ல் நிறுத்திக்கொண்டார்கள். கையில் வைத்து ஆடுபவருக்கு எது வேண்டாம் என்று யோசித்து விட்டிருக்கிறார்கள். மைக்ரோ பாக்கெட்டின் அளவை யோசித்தது, ஆடுபவரின் கண்ணை யோசிக்கவில்லை.