இரண்டு விரல் உயரம்

சில்லின் நடுப்புள்ளியில் அளவுநாடாவின் நுனியை அமர்த்தி, மட்கார்ட் விளிம்புவரை நேராக மேலே இழுக்கும்போது மெக்கானிக் பாஸ் வாய் திறப்பதில்லை. நான்கு சில்லுக்கும் நான்கு அளவு. கராஜின் தகரச் சுவரில் சோக்கட்டியால் நான்கு எண்கள். பிறகு வாகனத்துக்கு முதுகைக் காட்டி நின்று அந்த எண்களையே நெடுநேரம் பார்ப்பார். வாகனத்தைத் தூக்கும் கலையை நான் ரசிக்கத் தொடங்கியது அந்த மௌனத்திலிருந்துதான்.

வாகனம் என் மச்சானுடையது. முதல் தலைமுறை நிஸான் எக்ஸ்-டிரெயில். முன்சில்லு இரண்டு மட்டும் இழுக்கும் வகை. எங்கள் ஊரில் இந்த உருவத்தில் எது வந்தாலும் அதற்குப் பெயர் ஜீப். மச்சானுக்கு வீடு ஆரையம்பதியில், வயல் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால். “மூணு இஞ்சி தூக்கித் தாங்க பாஸ்” என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். பாஸ் திரும்பிக் கேட்டார்: “தம்பி, உங்களுக்கு உசரம் வேணுமா, வயலுக்குப் போய்ச் சேரணுமா?”

அந்தக் கேள்வியின் கனம் தெரிய வேண்டுமானால் எங்கள் நிலம் தெரிய வேண்டும். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் மணலும் தென்னையும் நெருக்கமான ஊர்களும். படுவான்கரையில் வயல், குளம், காடு. இரண்டுக்கும் இடையே முன்பு ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் போவோம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடப்பது சில நிமிட வேலை. ஆனால் காபெட் வீதி முடியும் இடத்தில் கிறவல் வீதி தொடங்குகிறது; அது முடியும் இடத்தில் வயல் வரம்பு. கார்த்திகை, மார்கழி மழையில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்துவிட்டால் தாம்போதிகளின் மேல் தண்ணீர் ஏறிவிடும். வடக்கே கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி மாரிக்கு மாரி மூழ்குவது எல்லோருக்கும் தெரிந்தது. மழை விட்ட பிறகோ, உழவு இயந்திரங்கள் உழுது வைத்த இரட்டைத் தடங்கள். அந்தத் தடத்துக்குள் சில்லு இறங்கினால், நடுவில் மேடாக நிற்கும் மண் வாகனத்தின் வயிற்றைத் தடவும். எங்களுக்கு உயரம் தேவைப்படுவது அந்த நடுமேட்டுக்காக.

நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் வாங்குவது சிறுவிவசாயியின் கைக்கு எட்டாத காரியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து ஆண்டுகளில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் கைகளுக்கு மதிப்புக் கூடியது. பழைய ஸ்பிரிங்கின் நோயை விரலால் தொட்டுச் சொல்லும் பாஸ்மார், அலுமினியக் கட்டியிலிருந்து வளையம் கடைந்து தரும் லேத்காரர், பட்டறை வெல்டர் என்று சிறிய கராஜ்களைச் சுற்றி ஒரு தொழில் நுணுக்கம் முதிர்ந்தது. நான் பாராட்ட வந்தது அதைத்தான்.

சுவரில் எழுதிய எண்கள் முதலில் சொன்னது ஒரு இழப்புக் கணக்கு. சாரதி இருக்கும் வலது முன்பக்கம் மற்றப் பக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. இருபது ஆண்டு ஓடிய ஸ்பிரிங் களைத்துப்போய் அமர்ந்துவிடும். பாஸ் முதலில் நல்ல ஸ்பிரிங் நான்கைத் தேடிப் பிடித்தார். ஷொக்கின் தலையிலிருந்த வெடித்த றப்பர்களை மாற்றினார். மறுபடி அளந்தபோது முன்பக்கம் 14 மில்லிமீற்றர் ஏறியிருந்தது. இன்னும் எதையும் தூக்கவில்லை. தொலைந்த உயரம் வீடு திரும்பியிருந்தது. குறைந்த செலவில் வாகனம் உயர்த்துவோரில் பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். களைத்த ஸ்பிரிங்கின் தலையில் கட்டை வைத்தால் அதன் களைப்பும் சேர்ந்துதான் உயரும்.

அடுத்தது டயர். இதற்கு எங்கள் பழைய மாட்டுவண்டியை நினைத்துக்கொண்டால் போதும். அதன் சில்லு ஏறக்குறைய ஆள் மார்பளவு. அச்சு நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைச் சில்லின் ஆரம்தான் தீர்மானிக்கும். வண்டித் தச்சர் சேற்றுக்குக் கண்ட விடை பெரிய சில்லு. இன்றைக்கும் விதி அதுவே. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல் உயரும். சில்லோடு பிணைந்த பாகங்களை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். மச்சானின் ஜீப்பில் இருந்தது 215/65 R16. அதற்குப் பதில் 215/70 R16 போட்டால் டயரின் விட்டம் 686 மில்லிமீற்றரிலிருந்து 707 ஆகும். பாதிக் கணக்கில் ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் உயரம் கிடைக்கும். வேகமானி 60 காட்டும்போது உண்மையில் வாகனம் 62இல் போகும். பாஸ் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முற்றாக ஒடித்து, டயருக்கும் ஸ்பிரிங் இருக்கைக்கும் நடுவே சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். விரல் தடையின்றிப் போய் வந்தது. “இதுக்கு மேல பெரிசு வேணாம்” என்று அந்த அத்தியாயத்தை மூடினார்.

பிறகுதான் வளையம். இந்த வாகனத்தில் முன்னும் பின்னும் ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நின்று, தூணின் தலை உடலோடு பூட்டப்பட்டிருக்கும். தலைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வளையம் வைத்தால் வளையத்தின் தடிப்புக்குக் கிட்டத்தட்ட உடல் உயரும். ஸ்பிரிங்கின் மென்மை மாறாது. பயணத்தில் பழைய சுகம் அப்படியே இருக்கும். இதைவிட மலிவாக, ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே றப்பர்த் துண்டைத் திணிப்போரும் உண்டு. அது வேலை செய்யும் சுருள்களைக் கட்டிப்போட்டு, மிச்சமுள்ளவற்றின் மேல் முழுச் சுமையையும் ஏற்றுகிறது. குழி ஒவ்வொன்றும் முதுகெலும்பில் கேட்கும்.

லேத்தில் வளையம் கடைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுழலும் அலுமினியத்தில் உளி தொட்டதும் வெள்ளிச் சுருள்கள் நீளநீளமாகக் கழன்று விழுந்தன. உளியில் உலோகம் ஒட்டாமலிருக்க லேத்காரர் மண்ணெண்ணெயை ஒரு தூரிகையால் தடவிக்கொண்டே இருந்தார். விளிம்பின் கூரை மழுக்கினார். தூணின் தலையிலுள்ள மூன்று துளைகளை அட்டையில் ஒற்றியெடுத்து வந்திருந்தார் பாஸ். அதே இடத்தில் மூன்று துளைகள் விழுந்தன. பழைய ஸ்டட் நீளம் போதாதென்று நீளமானவை வாங்கி வந்தபோது, ஒவ்வொன்றின் தலையிலும் பொறித்திருந்த எண்ணை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். 10.9 என்றிருந்ததை எடுத்தார், 8.8 என்றிருந்ததைத் திருப்பி அனுப்பினார். வளையத்தைப் பூட்டுமுன் இரு முகத்திலும் கிறீஸ் பூசினார். இரும்பும் அலுமினியமும் உப்புக்காற்றில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிபட்டுப் பொடியாகும். வாவிக்கரையில் தொழில் பழகிய கை அதை மறக்காது.

வளையத்தின் தடிப்பு எவ்வளவு என்பதில்தான் முழுக் கலையும் அடங்கியிருக்கிறது. முன்சில்லு இழுக்கும் வாகனத்தில் இயந்திரத்தின் பலத்தைச் சில்லுக்குக் கொண்டுபோவது ட்ரைவ் ஷாப்ட். அதன் வெளிமுனைக் கிண்ணத்துக்குள் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும். உள்முனை, நீளம் கூடிக் குறைய இடம்கொடுத்து வழுக்கும். உடலை உயர்த்த உயர்த்த ஷாப்ட் சாயும். சாய்வு ஒரு எல்லையைத் தாண்டினால் குண்டுகள் உரசும், மூடியிருக்கும் றப்பர் உறை மடிந்து கிழியும், கிழிசல் வழியே சேறு புகும். பிறகு ஒவ்வொரு வளைவிலும் “கட கட” என்று கேட்கும்.

மச்சானுக்கு அதை வாயால் விளக்கிப் பயனில்லை என்று பாஸ் நினைத்திருக்க வேண்டும். சோதனைக்காக 50 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பழைய கட்டையை வைத்துத் தற்காலிகமாகப் பூட்டினார். ஜாக்கியில் நின்ற வாகனத்தின் முன்சில்லு அந்தரத்தில் தொங்கியது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, மச்சானின் உள்ளங்கையைப் பிடித்து ஷாப்டின் மேல் வைத்தார். “இப்பச் சில்லைச் சுத்துங்க.” மச்சான் மற்றக் கையால் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஏதோ தடக்கியது. பிறகு 30 மில்லிமீற்றர் வளையத்தைப் பூட்டி, அதே கை, அதே சுற்று. எண்ணெய் போல ஓடியது. மூன்று அங்குலம் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

தொழில் முடிந்த பின் கணக்குப் பார்த்தோம். கேட்டது 76 மில்லிமீற்றர். கிடைத்தது 14, 11, 30 ஆக மொத்தம் 55. வாகனம் பிறந்தபோதிருந்த உயரத்துக்கு மேலே 41. இரண்டு விரல் அகலம். இன்னும் கூட்டினால் என்ன போகும் என்பதையும் சொல்ல வேண்டும். சில்லுகளுக்கிடையே ஒன்றரை மீற்றர் அகலமும் 65 சென்ரிமீற்றர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள ஒரு வாகனத்தை எடுத்துக்கொள்வோம். அரை அகலத்தை மைய உயரத்தால் வகுத்தால் கவிழாமல் நிற்கும் திறனுக்கு ஒரு அளவு கிடைக்கும். நாலு சென்ரிமீற்றர் தூக்கினால் அது ஏறத்தாழ 6 வீதம் குறையும். மூன்று அங்குலம் தூக்கினால் 10 வீதத்துக்கு மேல். கல்லடிப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்தது, சாய்ந்துபோன சில்லுகளை எலைன்மென்ட்டில் நிமிர்த்தியது, எதிரே வருபவரின் கண்ணைக் குத்தாமல் முன்லைட்டைத் தாழ்த்தியது, வயிற்றுக்கு மூன்று மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் கவசம் பூட்டியது எல்லாம் அதற்குப் பிந்திய அரைநாள் வேலை. தகட்டில் எண்ணெய் மாற்றுவதற்கென்று ஒரு துளையும் விட்டிருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு வாகனத்துக்குக் கீழே படுக்கப்போகும் இன்னொரு மெக்கானிக்கை நினைத்து விட்ட துளை அது.

இரண்டு சில்லு இழுப்பது ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. 1948இல் பிரான்சில் வெளிவந்த சித்ரோயென் 2சிவியும் முன்சில்லு மட்டும் இழுக்கும் வண்டிதான். உழுத வயலை ஒரு கூடை முட்டையோடு உடையாமல் கடக்க வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை. ஒல்லியான பெரிய சில்லும் நீளமாக ஆடும் ஸ்பிரிங்கும் அதைச் சாதித்தன. எங்கள் வயல் வட்டைகளில் லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் இரண்டே சில்லில் சேற்றை வெல்கிறது. டயரின் ஆழ்ந்த பற்களும், இழுக்கும் சில்லின் மேலேயே உட்கார்ந்திருக்கும் பாரமும் அதற்குக் காரணம். முன்சில்லு இழுக்கும் ஜீப்பிலும் இயந்திரத்தின் பாரம் இழுக்கும் சில்லின் மேல்தான். செங்குத்தான வரம்பேறும்போது பாரம் பின்னால் சரிந்து முன்சில்லு வழுக்கும். அப்போது பின்புறமாக ஏறினால் பாரம் மறுபடி முன்சில்லுக்கு வந்துவிடும். மணலில் டயரின் காற்றைக் குறைத்தால் பாதம் பெரிதாகும். இவற்றை அறிந்தவன் கையில் இரண்டு விரல் உயரம் நெடுந்தூரம் போகும்.

தண்ணீர் விஷயத்தில் பாஸ் கண்டிப்பானவர். 2024 நவம்பரில் எங்களுக்குத் தெற்கே காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டுப் போனது. பிள்ளைகள் இறந்தார்கள். பெரிய சில்லுள்ள இயந்திரத்துக்கே அந்தக் கதி. மூடிய வாகனம் தண்ணீரில் தோணியைப் போல மிதக்கப் பார்க்கும். அறுபது சென்ரிமீற்றர் ஆழத்தில் ஓடும் தண்ணீர் ஜீப்பையும் தூக்கிக்கொண்டு போகும். வாகனத்தை ஒப்படைத்த அன்று பாஸ் ஒரு மூங்கில் கம்பை மச்சானிடம் கொடுத்தார். சில்லின் நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழான உயரத்தில் அதில் கத்தியால் ஒரு வெட்டு. “நிக்கிற தண்ணி இந்த வெட்டுக்குக் கீழ நிண்டா போங்க. ஓடுற தண்ணியெண்டா கம்பை எடுக்கவே வேணாம், திரும்பி வாங்க.”

அடுத்த மாரியில் நானும் கூடப் போனேன். இரட்டைத் தடத்தின் நடுமேடு புல் முளைத்து உயர்ந்திருந்தது. வழக்கமாக அடியில் கேட்கும் உராய்வுக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். புல் மட்டும் தகட்டைத் தடவிப் போனது. முதல் பள்ளத்தில் மச்சான் இறங்கிக் கம்பை ஊன்றினார். தண்ணீர் வெட்டுக்கு நாலு விரல் கீழே, அசையாமல் நின்றது, கடந்தோம். வயலுக்கு ஒரு கிலோமீற்றர் இருக்கையில் தாம்போதி வந்தது. கரையிலிருந்து பார்த்தபோதே மண்நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு குறுக்கே ஓடியது. மச்சான் இறங்கவில்லை. கம்பு பின்னிருக்கையில் கிடந்தபடியே கிடந்தது. ஜீப்பைத் திருப்பி மேட்டில் ஒரு மருதமரத்தடியில் நிறுத்தினார். பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி என்னிடம் நீட்டிவிட்டு, பாஸுக்குத் தொலைபேசியில் சொன்னார்: “தாம்போதி வரைக்கும் வந்துட்டம் பாஸ். ஒண்டும் தட்டல்ல. தண்ணி ஓடுது, திரும்புறம்.”