அதிட்டானத்தில் எழுதியிருப்பது

தஞ்சைப் பெரிய கோயிலை 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது சோழர் கட்டடக்கலையின் உச்சம் என்பதற்காக. உச்சம்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் 'கலை' என்று பெயர் சூட்டியதுமே பார்வை விமானத்தின்மேல் ஏறிக்கொள்கிறது. அதன் அடியில், அதிட்டானக் கல்லில், ராஜராஜன் வெட்டுவித்த பிரதியைக் குனிந்து வாசிப்பவர் குறைவு.

அது ஒன்றும் ரகசியமல்ல. ஹூல்ச் பதிப்பித்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கில், வரியிலிருந்து கழிக்கப்படும் இடங்கள் வரிசையாக வருகின்றன: ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி. அப்படியே, அந்தச் சொல்லிலேயே. 'சாதியெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டாந்தது'ங்கிறவர்கள் ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வரலாம்.

தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் இதே கோயிலின் கல்வெட்டில்தான் இருக்கிறார்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பெயர், வந்த ஊர், தெரு, எத்தனையாவது வீடு, பங்குக்கு 100 கலம் நெல், எல்லாம் பதிவு. வர விரும்பினார்களா என்பது மட்டும் பதிவாகவில்லை. பொட்டுக்கட்டுதலை 1947இல் சட்டம் தடைசெய்தது, நியாயமாகவே. ஆட்டம் மட்டும் சாதி மாறி, மேடை மாறித் திரும்பிவந்தது. 2010இல் ஆயிரமாவது ஆண்டு விழாவில் இதே கோயிலில் 1000 பேர் பரதநாட்டியம் ஆடினார்கள்.

நம் தோழர்கள் சிலர் 'நிலவுடைமைச் சின்னம்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதும் குனியாத வாசிப்புதான். அந்தப் பெண்களின் பெயர்கள், வீட்டு எண்ணோடு, நமக்குக் கிடைப்பது இந்தக் கல்லில்தான்.