வலப்பக்கம் நின்றவர்களின் வியப்பு

இறுதித் தீர்ப்பு என்றால் எக்காளமும் நெருப்பும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் அரியணையும் தூதர்களும் வந்து, மக்கள் வலமும் இடமுமாகப் பிரிக்கப்பட்ட பிறகு, அரசர் வாய் திறந்து பேசுவது சோற்றையும் தண்ணீரையும் பற்றி. பசி, தாகம், அன்னியம், ஆடையின்மை, நோய், சிறை என்று ஆறே சங்கதிகள்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் குடியிருப்பவருக்கு இந்த ஆறில் ஒன்றிரண்டாவது தெருவிலேயே தெரியும். ஊர் விட்டு வந்தவர்களால் ஓடுகிற ஆலைகள் அங்கே உள்ளவை. "எந்த ஊரு? எத்தனை பேரு?" என்ற விசாரணைக்குப் பிறகுதான் வாடகைக்கு அறை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, அங்குள்ள ஓர் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மகளிர் விடுதி 2024 ஆகஸ்டில்தான் திறந்தது.

மத்தேயுவின் நுட்பத்தைப் பாருங்கள். அந்த ஆறும் நான்கு முறை வருகின்றன. எனக்குச் செய்தீர்கள், செய்யவில்லை என்று அரசர் இரு பக்கத்தாரிடமும் சொல்கிறார்; வலப்பக்கம் நிற்பவர்கள், "எப்போது ஆண்டவரே?" என்று இரண்டிரண்டாக எடுத்து, நிறுத்தி, மூன்று கேள்வியாகக் கேட்கிறார்கள். இடப்பக்கத்தாரோ ஆறையும் ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறார்கள். அவசரம் அந்த வாக்கியத்திலேயே தெரிகிறது. இத்தனைக்கும் கொலை, களவு என்று ஒரு குற்றமும் அவர்கள்மேல் இல்லை. செய்யாமல் விட்டதுதான் குற்றம்.

எனக்கு மிகப் பிடித்த இடம் நோயும் சிறையும். குணமாக்கினீர்கள், விடுவித்தீர்கள் என்று அரசர் சொல்லவில்லை. பார்க்க வந்தீர்கள் என்கிறார், அவ்வளவுதான். கையில் காசில்லாதவரும் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவரும்கூடச் செய்யக்கூடியது அது.

வலப்பக்கத்தாருக்குத் தாங்கள் அவருக்குச் செய்தது தெரியவே இல்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஓவர்டைம் கணக்குப்போல் குறித்து வைத்திருந்தால் இந்த வியப்பு வந்திருக்காது. மீட்பு கூலியல்ல, அருள் என்று திருச்சபை போதிப்பதன் சாயலை இந்த வியப்பில் காண்கிறேன்.

இன்னொரு நயம். அரசாட்சி உலகம் உண்டான நாள்முதல் 'உங்களுக்காக' ஆயத்தம் செய்யப்பட்டது. நெருப்போ அலகைக்கும் அவன் தூதர்களுக்கும் ஆயத்தமானது. மனிதருக்கென்று அது மூட்டப்படவில்லை. வலப்பக்கத்தார் 'என் தந்தையிடம்' ஆசி பெற்றவர்கள்; இடப்பக்கத்தாரைச் சபிக்கப்பட்டவர்கள் என்னும்போது தந்தையின் பெயர் வருவதில்லை. தண்டனையைச் சொல்லும்போதும் கடவுளின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இதைவிட மென்மையாகச் சொல்ல முடியுமா?

இந்தத் தீர்ப்பைச் சொன்ன இயேசு சில நாட்களிலேயே கைதியானார், உடை உரியப்பட்டார், சிலுவையில் தாகம் என்றார். தீர்ப்பிடப்போகிறவரே தீர்ப்புக்கு உள்ளானார்; மரணத்துக்கு அப்பாலான கிறிஸ்தவ நம்பிக்கை அதன்மேலும் அவர் உயிர்த்தெழுந்ததன்மேலும் நிற்கிறது.

கத்தோலிக்கத் திருப்பலியில் மூன்றாண்டுக்கு ஒருமுறை, வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு, இந்தப் பகுதி வாசிக்கப்படும். 2026இல் அந்த ஞாயிறு நவம்பர் 22. அன்று வாசக மேடையில் ஏறி வாசிப்பவருக்கு ஒரு விண்ணப்பம்: அந்த நான்கு பட்டியலையும் ஒரே வேகத்தில் வாசித்துவிடாதீர்கள்.