ஹில் ஹவுஸ்: பழைய வில்லாவும் புதிய பூச்சும்

ஹில் ஹவுஸ், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஹெலன்ஸ்பர்க் நகரின் மேட்டுப்பகுதியில், கிளைடு கழிமுகத்தைப் பார்த்து அமைந்த வீடு. கிளாஸ்கோ பதிப்பாளர் வால்டர் பிளாக்கிக்காகச் சார்லஸ் ரென்னி மெக்கின்டோஷ் வடிவமைத்தார். 1902-ல் தொடங்கிய பணி 1904-ல் முடிந்தது. (இந்தியாவின் பழைய ஆங்கிலப் பாடநூல்களில் லண்டன், கிளாஸ்கோ, பம்பாய் என்ற முகவரிகளோடு காணப்படும் பிளாக்கி நிறுவனம் இந்தக் குடும்பத்துடையதே.) விக்டோரியா அரசி 1901-ல் மறைந்ததால் ஆண்டுக்கணக்கில் இது விக்டோரியா காலக் கட்டடம் அல்ல. ஆனால் நவீன வீட்டின் முன்னோடி என்ற புகழ், இதனுள் இருக்கும் விக்டோரியா கால வில்லாவை மறைத்துவிட்டது.

1858-ல் ரயில் வந்தபின் ஹெலன்ஸ்பர்க் கிளாஸ்கோ வணிகர்களின் வசிப்பிடமாக வளர்ந்தது. வில்லியம் லைப்பர் போன்றோர் அங்கே பல பாணிகளில் வில்லாக்களைக் கட்டினர். பிளாக்கி அந்த அலங்காரங்களை விரும்பவில்லை. சிவப்பு ஓடு வேண்டாம், மரச்சட்டங்கள் தெரியும் சுவர் வேண்டாம், சாம்பல்நிறச் சொரசொரப்புப் பூச்சும் ஸ்லேட்டுக் கூரையும் போதும், கட்டடப் பகுதிகளின் திரட்சியிலேயே அழகு வரவேண்டும் என்றார். மெக்கின்டோஷ் முதலில் அக்குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையைக் கவனித்தார். உள்ளமைப்பு முடிவான பிறகே வெளித்தோற்றத்தை வரைந்தார்.

அந்த உள்ளமைப்பு முழுக்க விக்டோரியா காலத்து ஒழுங்கு. வேலை நிமித்தம் வருபவர்கள் வீட்டுக்குள் நுழையாமலே பேசிவிட்டுப் போக வாசலருகே நூலகம். வரவேற்பறையும் உணவறையும் தெற்கு வெயிலை நோக்கி. குழந்தைகளுக்கும் வேலையாட்களுக்கும் தனித்தனிப் பகுதிகள். வெளியே உள்ள வட்டக் கோபுரமும் ஸ்காட்லாந்துக் கோட்டை வீடுகளிலிருந்து வந்ததுதான். மெக்கின்டோஷ் இந்த ஒழுங்கை உடைக்கவில்லை, அதற்கு வேறு உணர்ச்சியை அளித்தார். இருண்ட மரத்தாலான கூடத்தைக் கடந்து வெளிச்சமான வரவேற்பறைக்கு வருகிறோம். அதன் சன்னல் மாடம் தோட்டத்தை நோக்கிப் புடைத்து நிற்கிறது. மாடியில் வெண்ணிறப் படுக்கையறை, சுவரில் இளஞ்சிவப்பு ரோஜா வடிவங்கள், உயர்ந்த முதுகுள்ள கறுப்பு ஏணி நாற்காலி. வரவேற்பறைக் கணப்பின் மேலுள்ள சித்திரப் பலகை அவர் மனைவி மார்கரெட் மெக்டொனால்ட் செய்தது. நாற்காலியைத் தனியே அருங்காட்சியகப் பொருளாகப் பார்ப்பவர்கள், அந்த வெள்ளை அறையில் அது ஒற்றைக் கறுப்புக் கோடாக நிற்பதைத் தவறவிடுகிறார்கள்.

வெளிச்சுவரைப் பற்றி இவ்வளவு பாராட்டிச் சொல்ல முடியாது. சிறுகல் கலந்த பூச்சு ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம். ஆனால் பழைய கொத்தர்கள் சுண்ணாம்பைப் பயன்படுத்தினர். அது சுவருக்குள் புகுந்த ஈரத்தை வெளியே விடும். மெக்கின்டோஷ் போர்ட்லாந்து சிமெண்டைத் தேர்ந்தெடுத்தார். கைப்பிடிச்சுவர்களின் தலையில் மழையைத் தள்ளிவிடும் கல்லையும் பல இடங்களில் தவிர்த்து, பூச்சையே மேலே மடித்துவிட்டார். கட்டடம் ஒரே கல்லில் செதுக்கியது போலத் தோன்றியது. சிமெண்டு வெடித்தது, மழை உள்ளே இறங்கியது, இறங்கிய நீர் திரும்ப வழியில்லாமல் சுவரில் தங்கியது. விமர்சகர்கள் புகழும் அந்தத் தடையற்ற மேற்பரப்பே ஓதத்துக்குக் காரணம்.

1982 முதல் இவ்வீடு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. 2019-ல் கார்மடி குரோர்க் நிறுவனம் வடிவமைத்த பெரிய எஃகுக் கூடாரம் வீட்டின் மேல் எழுந்தது. மேலே கூரை, பக்கங்களில் காற்றுப் புகும் எஃகு வளைய வலை. நனைந்த சுவர்கள் மெதுவாக உலர்வதற்கான ஏற்பாடு இது.

உலர்ந்த பின் எதைப் பூசுவது என்பதே உண்மையான சிக்கல். மெக்கின்டோஷ் பூசியதையே மீண்டும் பூசினால் மீண்டும் நனையும். பொருளை மாற்றினால் மூலத்தை மாற்றியதாகும் என்று ஒரு தரப்பு அஞ்சுகிறது. அந்த அச்சம் மிகையானது. இவ்வீட்டின் மேதைமை அறைகளின் வரிசையிலும் ஒளியிலும் இருக்கிறது, சிமெண்டில் அல்ல. பிளாக்கி கேட்டதும் சாம்பல்நிறச் சொரசொரப்பைத்தான். அதைச் சுண்ணாம்பாலும் தரமுடியும்.