பல்லுக்குக் கரி: உறிஞ்சுதா, உரசுதா?

புதுச்சேரியில் இப்போது கரி வாங்க விறகுக்கடைக்குப் போக வேண்டாம். நேரு வீதி மருந்துக்கடையிலும் மிஷன் வீதிப் பக்கம் இருக்கும் 'ஆர்கானிக்' கடைகளிலும் கறுப்பு டப்பாவில் கிடைக்கிறது. பெயர் 'ஆக்டிவேட்டட் சார்கோல்'. தினமும் ஈர பிரஷ்ஷால் தொட்டுத் தேய்த்தால் பல் வெளுத்துவிடுமாம். கொஞ்ச நாளாக நான் இந்த டப்பாக்களின் பின்பக்கத்தைப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். கம்பெனி எதுவானாலும் சொல்வது மூன்றே விஷயம்தான். ஒன்று, கரி நச்சையும் கறையையும் உறிஞ்சும். இரண்டு, இயற்கையானது, அதனால் பல்லுக்குக் கெடுதல் இல்லை. மூன்று, நம்ம பாட்டி காலத்து முறை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உறிஞ்சும் என்பது பொய்யில்லை. நம்ம பக்கம் காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரத்தில் கொட்டாங்கச்சியிலிருந்து இந்தக் கரியைத் தயாரிக்கிறார்கள். கொட்டாங்கச்சியைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு 800, 900 டிகிரி சூட்டில் நீராவியைச் செலுத்துவார்கள். கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். துளைகளின் உட்சுவரையெல்லாம் விரித்துக் கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் கரிக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு வரும். அந்தப் பரப்பில் பல வேதிப்பொருட்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. பள்ளிக்கூடப் பாடத்தில் இதைப் பரப்புக் கவர்தல் என்று படித்திருப்பீர்கள்.

இதன் மேல் இருக்கும் மரியாதை மருத்துவமனையிலிருந்து வந்தது. டூவெரி என்ற ஃப்ரெஞ்சு மருந்தாளர் 1831ல் ஸ்ட்ரிக்னைன் விஷத்தைக் கரியோடு சேர்த்து எல்லார் முன்னாலும் விழுங்கிப் பிழைத்தார் என்று மருத்துவ வரலாற்றில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். இன்றைக்கும் விஷம் குடித்து வருகிறவர்களில் சிலருக்கு அவசரப் பிரிவில் கரி கொடுக்கிறார்கள். ஆனால் எப்படி? பெரியவர்களுக்கு 50 கிராம் அளவில், தண்ணீரில் கரைத்து, முடிந்தால் விஷம் உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள். அப்போதும் சாராயம், அமிலம், இரும்பு, லித்தியம் போன்றவற்றைக் கரி சரியாகப் பிடிக்காது. எல்லா நச்சையும் இழுக்கும் பொருள் அல்ல அது.

இதை வாய்க்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு சிட்டிகை கரி, இரண்டு நிமிஷம், பிறகு துப்பிவிடுகிறோம். பேஸ்ட்டாக இருந்தால் அதில் கிளிசரினும் நுரைப்பொருளும் வேறு கலந்திருக்கும். கரியின் துளைகளில் முதலில் போய் உட்காரப்போவது அவையாகத்தான் இருக்கும். அதோடு டீக்கறையும் வெற்றிலைக்கறையும் வயிற்றில் கரைந்து கிடக்கும் விஷம் மாதிரி மிதப்பவை அல்ல. பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில் இறுகப் பிடித்திருப்பவை. அதைக் கழற்றுவது உறிஞ்சல் இல்லை, உரசல். டப்பா விற்பது ஒரு காரணத்தைச் சொல்லி. பல்லில் நடப்பது வேறொன்று.

உரசினால் என்ன, கறை போனால் சரி என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல். பல்லின் வெளிப்புறம் எனாமல். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. கடிக்கும் முகட்டில் அதன் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர் வரை இருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே வரும். அடியில் இருப்பது டென்டின், அதன் இயல்பான நிறமே மஞ்சள். எனாமல் தேயத் தேய அந்த மஞ்சள்தான் வெளியே தெரியும். பல் முளைத்த பிறகு எனாமலை உருவாக்கும் செல்கள் உடம்பில் இல்லை. முடி, நகம் மாதிரி திரும்ப வளராது. வெளுக்க வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்து, வெளுப்பாகக் காட்டும் பகுதியையே இழந்துவிட்டால் அப்புறம் எந்தப் பொடி வாங்குவது?

பேஸ்ட் எவ்வளவு உரசும் என்பதற்கு ஆர்.டி.ஏ. என்று ஓர் அளவு உண்டு. சர்வதேசத் தர விதிப்படி அது 250ஐத் தாண்டக்கூடாது. நான் பார்த்த கரி டப்பா ஒன்றில்கூட அந்த எண் இல்லை. துகள் எவ்வளவு பொடிசு என்ற விவரமும் இல்லை. 'இயற்கை' என்ற சொல் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. மணலும் இயற்கைதானே!

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 2017ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் புரூக்ஸ் என்பவரும் இரு சகாக்களும், அதுவரை வந்த 118 கட்டுரைகளைச் சலித்துப் பார்த்தார்கள். கரியால் நேரடியாகப் பல் துலக்குவது பற்றி 13 ஆய்வுகள் கிடைத்தன. இரண்டில் சொத்தை குறைந்ததாகப் பொத்தாம்பொதுவான தகவல். மூன்றில் கெடுதல்: சொத்தை கூடியது, எனாமல் தேய்ந்தது என்று. ஒன்றில் கெடுதல் ஏதும் இல்லை. மிச்சம் ஏழும் கரியால் துலக்குகிறார்கள் என்பதை மட்டும் சொன்னவை. பாதுகாப்பானது என்றோ பலன் தரும் என்றோ சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். 2019ல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் எச்சரிக்கைதான். பல் அடைத்த இடத்தின் ஓரத்திலும் விரிசலிலும் கரித்துகள் போய்ச் சாம்பல் கோடாக நின்றுவிடலாம் என்று அது கூடுதலாகச் சொல்கிறது.

சரி, பாட்டி? பாட்டி தேய்த்தது இந்தக் கரியே இல்லை. அது உமிக்கரி, இல்லாவிட்டால் விராட்டிச் சாம்பல், சில ஊரில் செங்கல் தூள். உமியில் சிலிக்கா அதிகம். அதனால் உமிக்கரி நறநறவென்றுதான் இருக்கும். பாட்டியின் பல் கெட்டியாக இருந்ததற்கு, இன்றைய அளவுக்கு சர்க்கரையும் பிஸ்கட்டும் குளிர்பானமும் வாயில் போகாததும் காரணமாக இருக்கலாம் இல்லையா? பொக்கை வாயோடு இருந்த பாட்டிகளை யாரும் விளம்பரத்தில் காட்டுவதில்லை. நம்ம பழமொழிகூட ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும்தான் சொல்கிறது, கரியைச் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. தூர்தர்ஷன் காலத்து கோல்கேட் பல்பொடி விளம்பரம் ஒன்றில் ஒரு பயில்வான் வருவார். உடம்புக்குப் பாலும் பாதாமும் சாப்பிடுகிறவர் பல்லுக்குக் கரியா போடுவது என்று அவரைக் கேலி செய்வார்கள். அதே கோல்கேட் இன்று கரி சேர்த்த பேஸ்ட் விற்கிறது. கரியை நம் கையிலிருந்து பிடுங்கியதும் 'பாரம்பரியம்' என்று திருப்பிக் கொடுப்பதும் ஒரே சந்தை.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறு. பல் மஞ்சளாக, பழுப்பாக இருப்பவர்களில் பலருக்கு அது மேலே ஒட்டிய கறையே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பழுப்பு எனாமலுக்குள்ளேயே இருக்கும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013ல் தொடங்கினார்கள். அரசாங்கம் குழாய் போட்டுத் தீர்க்க வேண்டிய பிரச்சினை அது. அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி 'நான் சரியா தேய்க்கல போல' என்று வெட்கப்பட்டு, கரியை வாங்கி இன்னும் அழுத்தித் தேய்த்தால் எனாமல்தான் போகும், பழுப்பு போகாது. வயதாக ஆகப் பல் மஞ்சளாவதும் அப்படித்தான். அது அழுக்கு இல்லை.

'நாலு நாள்ல பளிச்சுன்னு ஆச்சே' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. மேற்கறை போயிருக்கும். அந்த வேலையைச் சாதாரண பேஸ்ட்டும் மெதுவாகச் செய்யும். அதில் சொத்தையைத் தடுக்கிற அளவில் ஃப்ளோரைடும் இருக்கும். வெறும் கரிப்பொடிக்கு மாறுகிறவர்கள் அதையும் இழக்கிறார்கள். நிறத்தையே மாற்ற வேண்டுமானால் பல் மருத்துவர்கள் பயன்படுத்துவது பெராக்சைடு. அது எனாமலைச் சுரண்டாமல் உள்ளே போய் நிறமிகளைச் சிதைக்கிறது. 10 சதவீத கார்பமைடு பெராக்சைடை இரவில் பல் உறையில் வைத்துக்கொள்ளும் முறை 1989லிருந்தே எழுத்தில் இருக்கிறது. அதிலும் பல் கூச்சம் வரும், ஆகவே மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

வெறும் கறைதான் என்றால் ஸ்கேலிங் போதும். கோரிமேட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் 'ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடிடும்' என்று பயந்து அங்கே போகாத ஆட்கள் நம்ம ஊரில் நிறைய. அவர்களே தினம் காலையில் அளவு தெரியாத பொடியைப் போட்டு அழுத்தித் தேய்க்கிறார்கள்!

அடுத்த முறை கறுப்பு டப்பாவைக் கையில் எடுத்தால் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள்: ஃப்ளோரைடு இருக்கிறதா, உரசும் அளவு போட்டிருக்கிறதா. இரண்டும் இல்லையென்றால் திருப்பி வைத்துவிடுங்கள். பாத்திரம் தேய்ந்தால் வேறு வாங்கலாம். எனாமல் எந்தக் கடையிலும் கிடைக்காது.