காட்டக் கட்டியதும் பயன்படக் கட்டியதும்

சீனாவின் தென்மேற்கில், யாங்சியும் ஜியாலிங்கும் கூடுமிடத்து மலைகளில் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் சோங்கிங், சில வருடங்களாகக் கைப்பேசித் திரைகளில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டடத்துக்குள் புகுந்து வெளிவரும் ரயில், இரவில் தங்கமாக ஜொலிக்கும் மாடவரிசை, ஒரு பக்கம் தரையாகவும் மறுபக்கம் 22ஆம் மாடியாகவும் இருக்கும் குய்சிங்லோ சதுக்கம். இந்தப் புகழுக்கு ஊர் தகுமா? தகும். ஆனால் புகழுக்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி தவறு.

முதலில் மிகையைக் கழித்துவிடலாம். ‘உலகத்திலேயே பெரிய நகரம்’ என்பார்கள். 1997இல் மத்திய அரசின் நேரடி ஆளுகைக்கு வந்த சோங்கிங்கின் பரப்பு ஏறத்தாழ 82,400 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஆஸ்திரியா அளவு. 2020 கணக்கெடுப்பில் வந்த 3.2 கோடிப் பேரில் வயல்வெளிக் கிராமத்தாரும் மலைக்கிராமத்தாரும் அடக்கம். பயணி பார்ப்பது இதில் சிறு துண்டைத்தான். ஆகவே அளவை வைத்து இந்த ஊரைப் புகழ்வதில் பொருளில்லை. ஊர் தன் சிக்கலைத் தீர்க்கக் கட்டிக்கொண்டது எது, வந்தவருக்குக் காட்டக் கட்டியது எது என்று பிரித்துப் பார்ப்பதே சரியான அளவுகோல்.

ரயில் கட்டடத்துக்குள் புகும் லீசிபா நிலையத்தை எடுத்துக்கொள்வோம். இருந்த குடியிருப்பைத் துளைத்து ரயில் விட்டார்கள் என்றொரு கதை உலவுகிறது. அப்படியில்லை. ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் ஆறு. இடையில் கிடைத்த ஒடுங்கிய நிலத்தில் 19 மாடிக் கட்டடத்தையும் நிலையத்தையும் சேர்த்தே திட்டமிட்டார்கள். 6 முதல் 8 வரையுள்ள மாடிகள் நிலையத்துக்கு. அதிர்வு வீடுகளுக்குப் போகாதபடி நிலையத்தின் தூண்களைத் தனியாக எழுப்பினார்கள். ரப்பர் சக்கர மோனோரயில் என்பதால் இரைச்சலும் குறைவு. கீழே இதற்கென்றே அமைத்த மேடையில், ரயிலை விழுங்குவதுபோல் வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொள்கிறது ஒரு கூட்டம். மேலே, காய்கறிப் பையோடு இறங்கும் உள்ளூர்க்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த அலட்சியம்தான் பொறியியலுக்குக் கிடைத்த நற்சான்று.

இதே வகையில் இன்னும் உண்டு. லியாங்லுகோவில் 1996இல் வைத்த 112 மீட்டர் நகரும் படிக்கட்டு, சில்லறைக் கட்டணத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிறது. ஹொங்யான்சுன் மெட்ரோ நிலையம் 116 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஜப்பானியப் படையெடுப்பின்போது தேசியவாத அரசின் தலைநகராக இருந்த இந்த ஊர், குண்டுவீச்சுக்குத் தப்பப் பாறையைக் குடைந்தது. 1939 ஆகஸ்டில் இங்கு வந்த நேருவும் பதுங்கிடத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. 1941 ஜூன் 5 அன்று அப்படியொரு சுரங்கத்தில் மூச்சுத்திணறி ஏராளமானோர் மாண்டார்கள். குடைந்தவற்றில் சில இன்று ஹாட்பாட் கடைகள். மாட்டுக்கொழுப்பில் மிளகாய் கொதிக்க, நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு மிதக்க, பாறையின் குளிர்ச்சியில் உட்கார்ந்து சாப்பிடலாம். வரலாற்றை மறைக்காமலும் அருங்காட்சியகம் ஆக்காமலும் புழங்கும் இடங்கள் இவை.

காட்டக் கட்டியதற்கு வருவோம். ஹொங்யாதொங் பழைய தூண்வீடுகளின் சாயலில் 2006இல் எழுப்பிய 11 அடுக்கு வணிக வளாகம். சியென்சிமென் பாலத்தில் நின்று இரவில் பார்த்தால் அழகு, மறுப்பதற்கில்லை. உள்ளே நுழைந்தால் எந்த ஊரிலும் கிடைக்கும் நினைவுப்பொருள், பொரித்த தின்பண்டம், நெரிசல். ஷீபாதியின் கதை இன்னும் வருத்தமானது. ஏழை எளியவர்கள் வாழ்ந்த படிக்கட்டுத் தெருக்களை இடித்து, 2021இல் ‘பழமை’யாகத் திருப்பிக் கட்டித் திறந்தார்கள். படிகள் இருக்கின்றன, ஏறி இறங்கிய குடித்தனங்கள் இல்லை.

இந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமானதா என்று கேட்கலாம். இல்லைதான். 1987இல் யாங்சியைக் கடக்க விட்ட 1,166 மீட்டர் கேபிள் கார் ஊராரின் போக்குவரத்து வசதி. இன்று அதில் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்தான். வரிசை மணிக்கணக்கில் நீள்கிறது. பார்க்க வருபவர் கூட்டமே பயன்பாட்டைக் காட்சியாக மாற்றிவிடும் என்பதற்கு அதுவே சாட்சி. லீசிபாவுக்கும் அந்தக் கதி நேரலாம். ஆனால் இதனால் அளவுகோல் பிழைபட்டுவிடாது. சீக்கிரம் போய்ப் பார்க்க வேண்டியது எது என்பதையும் அதுவே சொல்கிறது.

இடைஞ்சல்களையும் கணக்கில் வைக்க வேண்டும். பணம் கொடுப்பது, வழி தேடுவது எல்லாமே கைப்பேசியில்தான். அலிபே என்ற கட்டணச் செயலியில் வெளிநாட்டு அட்டையை இணைக்கலாம். கூகுள் சேவைகள் திறக்காது. எந்த வரைபடமானாலும் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டுமே தவிர, எந்த மட்டத்தில் நிற்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லாது. சேர வேண்டிய இடம் பத்து மாடி கீழே இருக்கும். முழங்கால் வலி உள்ளவர் இருமுறை யோசிக்கட்டும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அக்டோபர் முதல் வார தேசிய விடுமுறையில் நடக்கவே இடமிருக்காது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம்.

தீர்ப்பு இதுதான். ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ பட்டியலை வைத்து எடைபோட்டால் சோங்கிங் இரண்டாம் தர ஊர். மலையோடு மல்லுக்கட்டி மனிதர்கள் நடமாட வழி செய்துகொண்ட விதத்தை வைத்து எடைபோட்டால் முதல் தரம். ஹொங்யாதொங்குக்கு ஒரு மாலை, அதுவும் பாலத்திலிருந்து போதும். ஷீபாதியை விட்டுவிடலாம். மிச்ச நேரமெல்லாம் லீசிபா வழியாகப் போகும் இரண்டாம் வழித்தட ரயிலுக்கும் படிக்கட்டுகளுக்கும் சுரங்கக் கடைகளுக்கும்.